ராமன் கடை

ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான்கு நாளாக இளமதி எதுவும் சாப்பிடவில்லை. ஒரகடத்து ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தபோது குடித்த ராமென் சூப்பை மட்டும் கேட்டாள். அவள் கணவன் கோகுல்ராஜ் சென்னையெல்லாம் தேடி ஒரு நல்ல கடையில் வாங்கிவந்தான். உத்திரமேரூர் வருவதற்குள் ஆறி, நூடுல்ஸ் ஊறிப்போயிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டான்.

"இங்க ராமென் எங்கனா கெடைக்குமாண்ணா?"

"ராமன் கடையா? கொளத்தாண்ட கீது. அவரு செத்து ஆறு வருசம் ஆவுதேப்பா."

போய்ப் பார்த்தான். கடை திறந்திருந்தது. அடுப்பருகே நின்ற பெரியவர், அவன் வாய் திறப்பதற்குள் ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டினார்.

"சூடா கீது. இளமதிக்குக் குடு."

அவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "அதே ருசி. நாளைக்கும் வாங்கிக்கினு வரியா?" என்றாள்.

கோகுல்ராஜ் தூக்கைக் கழுவக் கவிழ்த்தான். கருமாதிக்குக் கொடுக்கும் பாத்திரங்களைப் போல அடியில் எழுத்து வெட்டியிருந்தது. 'இளமதி நினைவாக.' அதன் கீழே மறைந்த தேதி. வருகிற வெள்ளிக்கிழமை.

கம்பி நார் பிய்ந்துபோன பிறகும் அவன் அந்தத் தேதியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.