கிழக்குக் கரைத் தண்ணீர்

"யாரும் வெசம் கலக்கலன்னா எப்பிடி சார்? என் மாடு மூணும் கண்ணு முன்னால காலை ஒதறிக்கினு செத்துதே!"

ராஜாராம் கேட்டார். தாமோதரன் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்தார். உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு டாக்டராக மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது அவருக்கு. ஆடி மாதம் ஏரித் தண்ணீரைக் குடித்து இந்த ஊரில் பதினோரு மாடுகள் செத்தன. அப்போது பாட்டிலில் பிடித்து மெட்ராசுக்கு அனுப்பிய தண்ணீருக்கு, கார்த்திகை பிறந்து இப்போதுதான் ரிப்போர்ட் வந்திருந்தது.

"வெசம் இல்லன்னு சொல்லலீங்க. ஆளு கலக்கலன்னுதான் சொல்றேன். எண்ட்ரின் இல்ல, பூச்சிமருந்து எதுவுமே இல்ல. தண்ணியில இருந்தது பாசி."

"பாசியா?" ராஜாராமுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னா சார் நீங்க! ஏரின்னா பாசி இருக்காதா? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கீது. அதுல விழுந்து இடுப்பொடிஞ்சவன் உண்டு, செத்தவன் கெடையாது."

"வழுக்குற பாசியைச் சொல்லலீங்க. பச்சைப் பெயின்ட்டைக் கரைச்சு ஊத்தினாப்பல தண்ணி மேல ஆடை கட்டியிருந்துச்சா, இல்லையா?"

"கட்டியிருந்துச்சு."

"அதான். நீலப்பச்சைப் பாசின்னு பேரு. ஒண்ணு ரெண்டு இருந்தா கண்ணுக்கே தெரியாது. கோடிக்கணக்குல பெருகினாத்தான் ஆடையாத் தெரியும். தண்ணி வத்தி, வெயில் கொளுத்தி, கழனியில போட்ட யூரியாவும் சாணியும் ஏரியில வந்து சேர்ந்தா அதுக்குக் கொண்டாட்டம். அதுல சில வகை உடம்புக்குள்ளயே விஷத்தை வெச்சிருக்கும்."

ராஜாராம் லேசில் விடுகிற ஆள் இல்லை. முப்பது வருஷமாக ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறவர்.

"சரி சார். அப்ப மேக்கால எறங்கின மாடுங்க ஏன் சாவல? கெயக்குக் கரையில குடிச்சதுதானே செத்துது?"

"ஆடிக்காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்க?"

ராஜாராம் ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மிதக்கிறதையெல்லாம் கிழக்கே ஒதுக்கும்.

கிழக்குக் கரையில்தான் மீன் குத்தகை எடுத்த தானியேலின் குடிசை இருந்தது. மாடுகள் இறங்கி வலையைக் கிழிக்கின்றன என்று அவன் ராஜாராமோடு மல்லுக்கட்டிய நாலாம் நாள்தான் மாடுகள் செத்தன. ஊர் வேறு என்னத்தை நினைக்கும்? 'என் மீன் கீற தண்ணியில நானே மருந்து ஊத்துவேனா?' என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ராஜாராமின் மனைவி ஆதிலட்சுமி வறக்காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வீட்டில் பால் நின்று நாலு மாதமாகிறது.

தாமோதரன் ஒரு வாய் குடித்துவிட்டு, கவருக்குள் இருந்த இன்னொரு காகிதத்தை விரித்தார்.

"இது நீங்க குடுத்த மனு. தானியேல்தான் விஷம் கலந்தார்னு எழுதியிருக்கீங்க. பாவம், அந்த மனுஷன் மேல இப்ப ஒரு பழியும் இல்ல. நல்லவேளை, ஆத்திரத்துல போலீசு, கேசுன்னு அலையாம ஊருக்குள்ளயே பேசி முடிச்சீங்களாமே. பெரிய மனசு உங்களுக்கு."

ஆதிலட்சுமி டம்ளர் காலியாகும்வரை நிற்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் சார்," ராஜாராமின் குரல் இறங்கிவிட்டது. "அத்த மனுசன் குடிச்சா?"

"மனுஷனுக்கும் அதே கதிதான். ஈரலை அரிச்சிடும். காய்ச்சினாக்கூட அந்த விஷம் போகாது." தாமோதரன் சிரித்தார். "ஆனா அந்த நாத்தத்துல எவன் வாயில வைப்பான்? விடுங்க."

ராஜாராம் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி, இங்கிலீஷ் எழுத்துகளை மேலிருந்து கீழே வரை பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்குப் புரியாது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல தப்பு இருக்குமா சார்? பாட்டில் மாறியிருந்தா?"

"இருக்காதுங்க. ரெண்டு தடவை பார்த்திருக்காங்க."

"ரெண்டு தபாவா?"

"ஆமாங்க. தானியேல்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு வர்ற வழியில ஏரிக்கரைக்குப் போனேன். குடிசை இருந்த இடமே காணோம். ஊரை விட்டு ஓடிட்டாரா? எங்க இருக்கார்னு சொன்னா நானே போய்ச் சொல்றேன். சந்தோஷப்படுவார்."

வாசல் மண்ணிலேயே குந்திவிட்டார் ராஜாராம். இந்த நாலு மாதத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தூக்கம் கெட்டதில்லை.

"அவன் ஓடல சார்," என்றார். "'நீ கலக்கலன்னா ஊரு முன்னால குடிச்சிக் காட்டுடா'ன்னு, அந்தக் கெயக்குக் கரையில ஒரு சொம்பு மொண்டு அவன் கையில குடுத்தவன் நான்தான். மூக்கைப் புடிச்சிக்கினு ஒரு சொட்டு விடாம குடிச்சான். மூணாம் நாளு பொதைச்சோம். அவன் செத்தது ஒண்ணுதான் சார், அவன் வெசம் கலந்தான்றதுக்கு எங்களுக்குக் கெடைச்ச சாட்சி."