வாசலில் நின்ற சிறுமி

"நிறுத்தும்மா, நிறுத்து! பாத்தியா, பொணம் எழுந்து நின்னு கையாட்டுது!" டைரக்டர் குரோனுமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

திரையில், போருக்குப் போன சாமுராய் அப்பாவுக்காக ஒரு சிறுமி வாசலில் காத்திருந்தாள். அவள் கிமோனோவில் வலப்பக்கத் துணி மேலே மடிந்திருந்தது. உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத்தைத்தான் மேலே மடிப்பார்கள். செத்தவர்களுக்குத்தான் மாற்றி உடுத்துவது.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒன்பதே நாள் ஓடிய கார்ட்டூன் படம் அது. கார்ட்டூன் என்றால் குரோனுமாவுக்குக் கோபம் வரும். காவியம் என்று சொல்ல வேண்டும். காவியத்தில் நூறு வீரர்களுக்கும் ஒரே முகம். பணம் தீர்ந்துபோனதால் கதாநாயகன் நாலு நிமிடம் அசையாமல் நிலவையே பார்ப்பான். அது தியானம் என்று பேட்டிகளில் சொல்லி வந்தார்.

படம் படுத்ததற்கு அவர் கண்டுபிடித்த ஒரே காரணம், இந்தச் சிறுமியின் கிமோனோ. இப்போது புது டிஸ்க் வருகிறது. இந்த ஒரு கறையைத் துடைத்துவிட்டால் உலகம் தன்னைப் புரிந்துகொள்ளும் என்று நம்பினார்.

அந்தச் சிறுமியை வரைந்த அகுட்சு, யாரும் அழைக்காமலே வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்தார்.

"வாய்யா அகுட்சு! என் படத்தைக் கொன்ன புண்ணியவானே, உக்காரு."

"இருக்கட்டும் சார். இந்தக் காட்சியைத் திருத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அவளை மட்டும் அப்படியே விட்டுடுங்க. இதைத்தான் கேட்டுட்டுப் போக வந்தேன்."

"விடறதா? ஊரே சிரிச்சுதுய்யா!" குரோனுமா, படத்தைத் திருத்திக் கொடுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கனோவிடம் திரும்பினார். "எப்படி ஆச்சு தெரியுமாம்மா? வரையறவங்க மேஜையில கண்ணாடியை வெச்சுக்கிட்டு, தன்னையே பாத்து வரைவாங்க. அசந்தா இடம் வலமாயிடும். கத்துக்குட்டி பண்ற தப்பு. பதினஞ்சு வருஷம் வரைஞ்சவன் பண்ணினான்!"

"ஆனா சார், படம் முழுக்க எனக்கு அழுகை வந்தது இந்த ஒரு இடத்துலதான்" என்றாள் கனோ.

"அது என் டைரக்‌ஷன்மா."

குரோனுமா மறுபடி அகுட்சுவைக் கைகாட்டினார்.

"ரிலீசுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப, ஊருக்குப் போறேன்னு மூணு நாள் காணாமப் போனான். வந்த அன்னிக்கே உக்காந்து இதை வரைஞ்சு தள்ளினான். கண்ணெல்லாம் செவசெவன்னு. ஏன்யா, உங்க ஊர் அகிதாவுல என்ன திருவிழா? எத்தனை பாட்டில் சாக்கே உள்ள போச்சு?"

"தப்பு என்னோடதுதான் சார்" என்றார் அகுட்சு, தரையைப் பார்த்து. "எங்க வேணா எழுதிக் குடுக்கறேன். கண்ணாடியைப் பாத்துக் குழம்பிட்டேன்னு என் பேரைப் போட்டே டிஸ்க்குல அச்சடிச்சுக்குங்க. அவளைத் தொடாதீங்க."

குரோனுமாவுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் காவியம் பெரிது.

"தட்டும்மா கனோ. ஒரு தட்டு தட்டினா படம் இடம் வலமாத் திரும்பிடும்."

கனோ தயங்கித் தயங்கி விரலைக் கொண்டுபோனாள். தொப்பி கீழே விழுந்தது. முப்பத்தெட்டு வருடமாக எதிர்த்துப் பேசியறியாத மனிதர் பாய்ந்து வந்து, திரையில் நின்ற சிறுமியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

"கையை எடுய்யா!" என்று சீறினார் குரோனுமா. "என்னமோ பெத்த பொண்ணைத் தொட்டுட்ட மாதிரி பதறுறே!"

அகுட்சு கையை எடுக்கவில்லை.

"பெத்த பொண்ணுதான் சார். பெட்டியை மூடறப்போ அப்படித்தான் இருந்தா."