வேலையை முடித்தவள்

"ரெண்டு ஆஸ்பத்திரி. ரெண்டுலயும் வேலை போயிருக்கு. ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்ல முதுகலைப் பட்டம் வாங்கி என்னம்மா பிரயோஜனம்?"

கேட்டவர் க்ளென். பெங்களூரு பொம்மனஹள்ளியில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் புகார்களைக் கவனிக்கும் மேனேஜர். அவரும் அதே படிப்புதான். பக்கத்தில், ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் பிரிஜெட் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே சங்கமித்ரா. இன்டர்வியூவுக்காகக் கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். இந்த வேலையை நம்பித்தான் அவள் வீடே இருந்தது. ஆனாலும் நிதானமாகவே பதில் சொன்னாள்.

"முதல்ல டிஸ்சார்ஜ் பிரிவு சார். வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் காலையிலேயே சொல்லிடுவார். பில்லும் இன்ஷூரன்ஸும் முடிய ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் பாவம், பெட்டி படுக்கையோட 'பில் ஆய்த்தா, பில் முடிஞ்சுதா'ன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. முந்தின நாளே பில் வேலையை ஆரம்பிக்கிற மாதிரி மாத்தினேன். கூட்டம் கரைஞ்சிடுச்சு."

"நல்லதுதானே! அப்புறம் ஏன் அனுப்பினாங்க?"

"கூட்டமே இல்லாத இடத்துக்கு மேனேஜர் எதுக்குன்னு போஸ்டையே எடுத்துட்டாங்க சார்."

க்ளென் சிரித்துவிட்டார். "நுனிக்கிளையில உக்காந்து அடிக்கிளையை வெட்டின கதையா இருக்கே! ரெண்டாவது இடத்துல?"

"ஸ்கேன் பிரிவு. அங்கயும் அதே கதைதான்."

"போஸ்ட் போயிடும்னு தெரியலையா?"

"தெரியும் சார். ஸ்கேனுக்காக வெறும் வயித்தோட காத்திருக்கிறவங்களைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல."

க்ளெனின் சிரிப்பு நின்றது. "இந்தப் படிப்புல உங்களுக்குத் திருப்தியா?"

"ரொம்ப திருப்தி சார். போன வாரம் அந்த முதல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்க டிஸ்சார்ஜ் ஆன நோயாளிங்க யாருக்கும் என்னைத் தெரியல. ஆனா மத்தியானத்துக்குள்ள எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

அடேயப்பா, இப்படியும் ஒரு பெண்ணா! டாக்டர் பிரிஜெட் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொன்னார்.

"முடிவு உங்க கையில க்ளென். இவங்களைப் போடப்போறது உங்க புகார் பிரிவுலதான்."

பல வருஷமாக க்ளெனுக்கு அதே நாற்காலி. புகார் குறையாததால்தான் அது நிலைத்திருந்தது என்பது அவருக்கே தெரியும்.

"இவங்க வந்தா வருஷம் திரும்பறதுக்குள்ள புகாரே இருக்காது டாக்டர்."

"அதனால வேண்டாங்கறீங்களா?"

"இல்ல டாக்டர், இன்னிக்கே சேத்துக்கங்க," என்றார் க்ளென். "நான் வேற வேலை தேட ஆரம்பிச்சுடறேன்."