பின் டயருக்கு எவ்வளவு?

மலைப் பயணத்துக்குக் கிளம்பிய அந்தக் கனமான பைக்கின் டயர்களைச் சோதித்த மெக்கானிக், மாமியாரோடு வந்திருந்த மருமகனிடம் கேட்டார்.

“முன் டயர் சரியா இருக்கு சார். பின்னாடி உட்கார்றவங்க எத்தனை கிலோ?”

மருமகன், பெஞ்சில் போன் பேசிக்கொண்டிருந்த மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

“மெதுவா பேசுங்கண்ணே. எழுபத்தஞ்சுன்னு வச்சுக்கோங்க.”

“வச்சுக்கிறதெல்லாம் வேணாம். எடைக்குத் தக்க காத்து இல்லேன்னா டயர் சூடாகி வெடிச்சிரும். ரெண்டு பேரும் பள்ளத்துலதான் கிடப்பீங்க.”

மருமகன் மெக்கானிக்கின் காதருகே குனிந்தான்.

“நூத்தி நாலு.”

“நூத்தி நாலா? அந்தம்மாவா? பார்த்தா அப்படித் தெரியலையே!”

அதற்குள் மாமியார் போனை வைத்துவிட்டு வந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவிக்குக் கையை நீட்டினார்.

“நூத்தி நாலுக்கே காத்து வைங்க தம்பி. டயட்ல இருக்கேன்னு மாப்பிள்ளை என் பொண்ணை ஏமாத்துறது போதும். நான் ஓட்டுற வண்டியோட டயரையும் ஏமாத்த வேணாம்.”