வாசல் மூலையில் மூன்று கறைகள்

பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் பிற்பகல் வெயிலும் மரத்தூளும் மிதக்கின்றன. பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி பலகைத் தரையை இழைக்கும் தச்சர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வாசல் மூலையில் இருக்கும் மூன்று கறைகளைக் காட்டுகிறார். “கூரை ஒழுகுச்சா சார்?” கூடத்தைக் கடைசியாகப் பார்க்க வந்திருக்கும் வயலின்காரர் இல்லையென்று தலையாட்டுகிறார். “ட்ரம்பெட்காரங்க மூணு பேரு. சத்தம் பெருசுன்னு மைக்கை விட்டுத் தள்ளி இங்க நிக்க வைப்பாங்க. ஊதுற மூச்சு குழாய்க்குள்ள தண்ணியாயிடும், பாட்டு முடிஞ்சதும் கீழ வடிச்சு விடுவாங்க. செருப்பு நனையுதுன்னு நான்தான் கத்துவேன்.” “எந்தப் பாட்டுல வாசிச்சாங்க?” “நீங்க முணுமுணுக்கிற எல்லாத்துலயும்.” தச்சர் இருமுறை இழைக்கிறார். கறை வெளிறுகிறது, போகவில்லை. “ஊறிப்போச்சு சார்.” வயலின்காரர் வாசலுக்கு நடக்கிறார். காய்ந்து முப்பது வருடமான அந்த இடம் வந்ததும், கால் படாமல் ஒதுங்கிப் போகிறார்.