எலினரின் அறை

வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த நாலு மணிக் குழுவில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு மூன்றாவது தடவையாக சோதிலிங்கம் அந்த மாடிப்படிகளில் ஏறினார். எழுபத்திரண்டு வயது முழங்கால். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு.

ஆக்லாந்தில் ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம் வாழ்ந்த மாளிகை அது. இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில். சோதிலிங்கம் அதன் காப்பாளர். யாழ்ப்பாணத்து முதலியார் குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் பழம்பொருள் படித்தவர். ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதைச் செய்த ஊரைச் சொல்லிவிடுவார்.

இந்த வீட்டின் அறுநூற்றுச் சொச்சம் பொருட்களுக்கும் இலக்கச் சீட்டுக் கட்டியவர் அவர்தான். பூட்டியதும் ரயில் பிடித்து ஏவன்டேல் போவார். அங்கே ஓர் அறை, வாடகைக்கு.

கடைசியாகப் படுக்கையறை.

ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொன்னார். கட்டில் இந்த நாட்டுக் கவுரி மரத்தில் செய்தது. நிலைக்கண்ணாடி கப்பலில் வந்தது. குடும்பத்தின் கடைசி வாரிசு எலினர் போன ஜூலையில் இந்த அறையில் காலமானார். பிள்ளைகள் இல்லை. சாமான்கள் ஏலத்தில் சிதறிப் போகக் கூடாதென்று எல்லாவற்றையும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்.

நாலு பேர் தோட்டத்தைப் பார்க்க இறங்கிவிட்டார்கள்.

லக்ஷ்மிப்ரியா மட்டும் நின்றாள். லின்ஃபீல்டிலிருந்து வந்தவள். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததிலிருந்தே தமிழில் பேச ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள்ல அவங்க கூட யாருமே இல்லையா சார்?"

"அவவின்ர புருசன் இருந்தவர்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

சோதிலிங்கம் விரிப்பின் ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார்.

"இஞ்சதான் வேலை செய்யிறார், பிள்ளை."

அவள் தலையாட்டினாள். பிறகு தலையாட்டுவதை நிறுத்தினாள்.

விரிப்பின் மேலிருந்து அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.

கீழே யாரோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாக. மூடும் நேரம்.

லக்ஷ்மிப்ரியா வாசலுக்கு நடந்தாள். வெளியே போய், கதவின் பிடியில் கை வைத்தாள்.

"நீங்க இருங்க சார். யாரும் வராம நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தினாள்.

பத்து மாதமாக அந்த அறையில் அவர் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார். சப்பாத்தைக் கழற்றினார். கட்டிலின் இடது பக்கமாக, ஓரத்தில், ஒருக்களித்துப் படுத்தார்.

வலது பக்கம் எலினருடையது.