ஆறு கரண்டி உப்பு

"ஏங்க, உப்பு பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக எல்லாம் உங்க வாயையே பாத்துட்டு நிக்கிது."

ஹாஜரா பீவி அகப்பையை நீட்டினாள். தென்காசியில் அவள் அறிவியல் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கொட்டகை. அண்டா நிறைய நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்காக அவள் தொடங்கிய சமையல் மன்றத்தில் வருஷம் ஒருமுறை, நோன்பு மாதத்தில், இந்தக் கஞ்சி உண்டு. அவளும் பாதிப் பிள்ளைகளும் நோன்பு. வாயில் வைத்துப் பார்க்க முடியாது. அவள் கணவர் மசூதுக்குச் சர்க்கரை வியாதி. நோன்பு வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். போதாததற்கு, சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஹோட்டல் சமையல் பார்த்தவர்.

மசூது கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தார்.

"ஒரு சிட்டிகை குறையுது."

"பாத்தியளாட்டி? இதுதான் தம்மாம் நாக்கு!" ஹாஜரா அந்தப் பக்கம் திரும்பி உப்பு டப்பாவில் கைவிட்டாள். அண்டாவின் மேல் விரலை உதறினாள். "இப்போ?"

"இப்போ கணக்கா இருக்கு."

அவள் அவரிடம் கடைசியாக உப்பு பார்க்கச் சொன்னது அன்றைக்குத்தான். மறுநாள் காலை, கடைத்தெருவுக்குப் போன ஆட்டோவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள் பிறகு எழவில்லை.

ஒரு வருஷம் அவர் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. கடைச் சாப்பாடுதான். அடுத்த நோன்பு வந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாஜிதாவும் ஜெனியும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மாமா, நீங்க வந்தே ஆகணும். புது ஹெச்.எம். மன்றத்தையே மூடப் போறாங்களாம்."

"நான் வந்து என்னட்டி செய்ய?"

"உப்பு பாக்கணும்லா!"

கொட்டகையில் தலைமையாசிரியை ரூபி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுரண்டைக்காரர். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"டீச்சர் இல்லாம பிள்ளைகள நெருப்புகிட்ட விட எனக்குப் பயமா இருக்கு, அண்ணாச்சி. இந்த ஒரு அண்டாவைப் பாப்போம். சரியா வந்தா மன்றம் நடக்கட்டும். வாயில வைக்க முடியலன்னா இன்னைக்கோட மூடிருதேன்."

"மூடினா நாங்க பழையபடி பாக்கெட் தீனிதான் டீச்சர்" என்றாள் ஜெனி.

"வாயாடாம கிண்டுட்டி."

பிள்ளைகள் ஹாஜராவின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். எண்ணெய் கரண்டியில் அளந்து விழுந்தது. பாசிப்பருப்பு, வெந்தயம், கேரட். மேலகரத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்த முருங்கைக்கீரையை உருவிப் போட்டார்கள். கடை மசாலா ஒரு பொட்டலம்கூட இல்லை. ஹாஜரா பக்கத்தில் நின்று அதட்டுவதுபோலவே இருந்தது மசூதுக்கு.

மாஜிதா அகப்பையை நீட்டினாள். "உப்பு, மாமா."

மசூது அகப்பையை ஜெனி பக்கம் தள்ளினார். "ஜெனிக்குத்தான் நோன்பு இல்லையே. அவ பாத்துச் சொல்லட்டுமே."

"எனக்குச் சளி, மாமா. நாக்குல ஒண்ணும் தெரியல" என்றாள் ஜெனி. மாஜிதா அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"நீங்கதான் சொல்லணும், மாமா. டீச்சர் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

மன்றமே இப்போது இவர் வாயில் இருந்தது. மசூது கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சிட்டிகையால் ஓர் அண்டா கஞ்சி கெட்டுவிடாது என்று தோன்றியது.

"ஒரு சிட்டிகை குறையுது."

மாஜிதா அந்தப் பக்கம் திரும்பி டப்பாவில் கைவிட்டாள். அண்டாவின் மேல் விரலை உதறினாள். "இப்போ?"

"கணக்கா இருக்கு."

ரூபி டம்ளரை வாங்கி ஊதிக் குடித்தார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் ஊத்து."

கொட்டகையே கூச்சலிட்டது.

"உப்பு அவ்வளவு கச்சிதம், அண்ணாச்சி. வாராவாரம் நீங்க வந்து கூட நிப்பியளா? அப்படின்னா எனக்குப் பயமில்ல."

மசூது தலையை ஆட்டினார். "அந்த நோட்டைக் குடு, மாஜிதா. வீட்டுல படிச்சிட்டு வாரேன்."

"அது வேண்டாம், மாமா!" மாஜிதா பதறினாள். "நான் வேற நோட்டுல அழகா எழுதித் தாரேன்."

"உன் கையெழுத்து எனக்கெதுக்குட்டி? அவ எழுத்துதான் வேணும்."

நோட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூட வாசலிலேயே நின்று திறந்தார். நோன்புக் கஞ்சிப் பக்கத்தில், அளவுகளுக்குக் கீழே, ஹாஜராவின் குட்டிக் குட்டி எழுத்து:

'உப்பு ஆறு கரண்டி, தலை தட்டி. அதோடு சரி. பிறகு அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. குறையுதுன்னு சொன்னா வெறும் விரலை உதறுங்க. கொரோனாவுல போன ருசி அவங்க நாக்குக்குத் திரும்பவே இல்ல. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம். ஆனா கேக்காம மட்டும் இருந்துராதீங்க, பிள்ளைகளா.'

மேலே தேதி போட்டிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முந்தைய நோன்பு, அவர் முதன்முதலாக உப்பு பார்க்க வந்த நாள். அன்றைக்கும் ஆறு கரண்டி, இன்றைக்கும் ஆறு கரண்டிதான்.